இரண்டாவது பாங்கு

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து நுஸ்ரத் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்றபோது என் கதிரைக்கு வந்தவள் அவள். “மிஸ், புதுக் கணினி வந்திருக்கு. ஒராளுக்கு ஒண்டுக்கொண்டு ஒத்துக்காத மருந்து எழுதினா சிவப்புக் கோடு விழுது. இது இல்லாத காலத்தில நீங்க எப்படிப் புடிச்சீங்க?” என்று கேட்டாள்.

“காதால” என்றேன்.

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பகிடியில்லை. என் உத்தியோக காலத்திலேயே பெரிய விஷயம் ஒன்றை நான் காதால்தான் பிடித்தேன். கதையைச் சொல்லத் தொடங்கியதும், எழுதித் தந்தால்தான் விடுவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்தது, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து உயர்தரம் எழுதியது, கொழும்புக்கு மருந்தாளர் பயிற்சிக்குப் போனது எல்லாம் நீண்ட கதை. அதை விட்டுவிடுகிறேன். பயிற்சியில் மறக்காமல் இருப்பது கடைசி வாய்மொழிப் பரீட்சை ஒன்றுதான்.

எனக்கு பஸ்ஸில் ஏறினால் வாந்தி. பரீட்சையன்று விடியற்காலையில் புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போக வேண்டியிருந்ததால் பயணக் குளிசை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏறினேன். முந்தல் ஊரைத் தாண்டும்போது வயிறு ஒரு மாதிரி இருந்தது. பயத்தில் இன்னொன்றும் போட்டேன். வாந்தி வரவில்லை. ஆனால் பரீட்சை அறையில் போய் உட்கார்ந்தபோது நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பரீட்சகர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. மாதக்கணக்காகப் பாடமாக்கிய மருந்தளவுகளைக் கேட்டார், தட்டாமல் சொன்னேன். பிறகு ஒரு நோயாளியின் நிலைமையை விவரித்து அதிலிருந்து கேள்வி கேட்டார். அவர் கேள்விக்கு வரும்போது நோயாளி என் மனதை விட்டுப் போய்விட்டார். “மன்னிக்க வேணும் மிஸ், திரும்பச் சொல்லுவீங்களா?” என்றேன். சொன்னார். மறுபடியும் கேட்டேன். மூன்றாம் தடவை கேட்டதும் அவர் பேனையைக் கீழே வைத்தார்.

“பிள்ளை, இண்டைக்கு விடிய என்ன குளிசை போட்டனீர்?”

சொன்னேன்.

“அது என்ன வகை? என்னென்ன செய்யும்?”

நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுகிற அசற்றைல்கோலினை மறிக்கிற வகை என்றேன். வாய் காயும், கண் மங்கும், மலம் இறுகும், சிறுநீர் தடைப்படும், நித்திரை தூங்கும், புதிதாகக் கேட்டது மனதில் நிற்காது என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு என் நிலைமை விளங்கிவிட்டது. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இதைவிட நல்ல விடை ஒருத்தரும் சொல்லேலாது. போம், போய்த் தண்ணி குடியும்” என்றார். சித்தியடைந்தேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், நான் வேலை செய்த கடற்கரை ஆஸ்பத்திரிக்கு டொக்டர் பீரிஸ் பொது மருத்துவ நிபுணராக வந்தார். சிங்களவர். அரசாங்க மொழி வகுப்பில் தமிழ் படித்துச் சித்தியடைந்தவர், படித்த தமிழை அப்படியே பேசுவார். “அம்மையே, தங்களது முழங்கால் இன்று எவ்வாறுள்ளது?” என்று அவர் கேட்டால், மீன் விற்கிற பெண் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அவர் கோபித்ததில்லை. நோயாளி பேசி முடிக்கும்வரை பேனையின் மூடியைக் கழற்ற மாட்டார். வரிசை கேற் வரைக்கும் நின்றாலும் கழற்ற மாட்டார்.

மறதி என்று யாரும் வந்தால் மூன்று சொற்கள் சொல்வார்: தேங்காய், திறப்பு, ஞாயிறு. ஐந்து நிமிடம் வேறு கதை கதைத்துவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிக் கேட்பார். ஒரு நாள் கனமூலை ஊரிலிருந்து வந்த ஒரு வயதான உம்மாவிடம், “நான் கூறிய மூன்று சொற்கள் எவை? தேங்காய், திறப்பு...” என்று தானே தொடங்கித் தானே நின்றுவிட்டார். முதல் நாள் இரவு முழுக்க டொக்டருக்கு அவசர அழைப்புகள். அந்த உம்மா, “ஞாயிறு, மகன்” என்றார். “எனக்கு ஒண்டுமில்ல. நீங்க போய் நித்திரையக் கொள்ளுங்க.” டொக்டர் எழுந்து நின்று அவருக்கு நன்றி சொன்னார்.

அவரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரே நாளில் இரண்டு மருந்துகளில் கைவைக்க மாட்டார். இரண்டை ஒன்றாக நிறுத்தினால், சுகம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது, வருத்தம் கூடினாலும் எதனால் என்று தெரியாது என்பார். அவசரக்காரியான எனக்கு அது ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது.

மருந்து ஞாபகத்தை என்ன செய்யும் என்பதை என் கண்ணால் பார்த்தது மரியதாஸ் முதலாளியின் விஷயத்தில்தான். முந்தலில் இறால் பண்ணை வைத்திருந்தவர். வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்க வந்திருந்தார். அதற்கு முன் ஏற்றுகிற மிடசோலம் என்கிற மயக்க ஊசியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பதால் நானே கொண்டுபோனேன். ஊசி ஏறியது, கமரா போனது, வந்தது. முதலாளி எழும்பி உட்கார்ந்தார். “தங்களது இரைப்பையில் சிறு புண் உள்ளது” என்று டொக்டர் விளக்கினார். முதலாளி தலையாட்டினார், உறைப்புச் சாப்பிடலாமா, வெற்றிலை போடலாமா என்று புத்தியான கேள்விகள் கேட்டார். சந்தோசத்தில், “ஞாயித்துக்கிழம எல்லாருக்கும் சேத்து ஒரு பெட்டி இறால் அனுப்புறன்” என்றும் சொன்னார்.

ஊசி ஏறி முக்கால் மணித்தியாலம் கழித்து என் ஜன்னலுக்கு வந்தார். “மிஸ், எப்ப கமரா போடுற? விடியத்திலிருந்து பட்டினி!”

“போட்டு முடிஞ்சுதே முதலாளி.”

“என்னோட விளையாடாதீங்க. ஒருத்தரும் என்னத் தொடல்ல!”

மனைவி சத்தியம் செய்தார். அவர் நம்பவில்லை. அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டேன், பிசகாமல் சொன்னார். எந்தத் தொட்டிக்கு எத்தனை மணிக்குத் தீன் போடுவது என்று கேட்டேன், அதையும் சொன்னார். அந்த முக்கால் மணித்தியாலம் மட்டும் அவரிடம் இல்லை. கமரா வெளியே வந்த பிறகு அவர் விழித்துக்கொண்டு எங்களோடு கதைத்துக்கொண்டிருந்தவர்!

“இம்மருந்து பழையதைத் தொடாது. புதியது பதிவதையே தடுக்கும்” என்றார் டொக்டர் பீரிஸ். அன்றிலிருந்து, மயக்க ஊசி போட்டவருக்குச் சொல்ல வேண்டியதைக் கூட வந்தவரிடம் சொல்லி, எழுதியும் கொடுப்பது எங்கள் வழக்கமானது. முதலாளியோ, “எனக்கு ஞாபகமில்லாட்டியும் சொன்னா சொன்னதுதான்” என்று ஞாயிற்றுக்கிழமை இறால் அனுப்பினார். இரண்டு பெட்டி வந்தது. அவர் சொன்னது ஒரு பெட்டி. மற்றது எங்கள் அட்டென்டன் நவாஸ் அவருக்கு ‘ஞாபகப்படுத்தியது’.

இனி ரவூப் மோதினாரின் கதை.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், களப்புக் கரையில் பள்ளிவாசல். அதில் முப்பது வருடமாகத் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொல்லி வந்தவர் அவர். வயது எழுபது. அவர் பாங்கைக் கேட்டுத்தான் நான் அடுப்பை மூட்டுவேன், உடுப்பை எடுப்பேன். ஒரு நாள் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னார். இருபது நிமிடம் போயிருக்கும், மறுபடியும் அஸர் பாங்கு. வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு சித்தி உம்மா தலையை நீட்டினார். “மிஸ், எனக்கா பிசகு, மோதினாருக்கா?”

அந்தக் கிழமையில் இன்னும் இரண்டு தடவை அப்படி நடந்தது. வசனம் ஒன்றும் பிழைக்கவில்லை. நேரமும் பிழைக்கவில்லை. சொல்லிவிட்டோம் என்பதுதான் அவர் மனதில் இல்லை. மணிக்கூட்டை நிமிர்ந்து பார்ப்பார், அஸர் நேரம் என்று காண்பார், எழும்பிச் சொல்லிவிடுவார்.

மூன்றாவது தடவை நான் முற்றத்தில் நின்று கவனமாகக் கேட்டேன். நீட்டிச் சொல்கிற இடத்தில் குரல் உலர்ந்து கரகரத்தது. ஒலிபெருக்கியில் உதடு ஒட்டிப் பிரிகிற சத்தமும், இடையில் ‘மடக்’ என்று தண்ணீர் விழுங்குகிற சத்தமும் கேட்டன. அந்த வாயை எனக்குத் தெரியும். அதே வாயோடு ஒரு பரீட்சைக்குப் போனவள் நான்.

இரண்டு நாள் கழித்து அவர் மகள் ஸமீனா, வாப்பாவின் சீனி வருத்தக் குளிசை எடுக்க ஜன்னலுக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. “மிஸ், வாப்பாவ நிப்பாட்டப் போறாங்களாம். நோன்பு வாறதுக்குள்ள வேற ஆள் பாக்கிறதாம். வாப்பாக்கு இன்னும் சொல்லல்ல.”

நோன்புக்கு இரண்டரை மாதம் இருந்தது.

“வீட்டில உள்ள எல்லா மருந்தையும் கொண்டு வாங்க. அலுமாரி, தலகணிக்குக் கீழ, சாறன் மடிப்பு, எல்லாத்தையும் பாருங்க” என்றேன்.

மறுநாள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். கால் எரிவுக்கு எங்கள் கிளினிக்கில் கொடுத்த அமிட்ரிப்டிலின். அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தனியார் டொக்டர் ஒருவர் எழுதிய ஒக்சிபியூட்டினின். மனைவி மௌத்தாகி அடக்கிய நாட்களில் நித்திரைக்கென்று தொடங்கி, நாலு வருடமாக விடாமல் போட்டுவந்த டயசிபாம். உடம்பு கடித்துச் சொறிவதற்கு மூன்று வேளையும் போடுகிற சின்ன மஞ்சள் குளிசை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. ஆனால் டயசிபாம் மிடசோலத்தின் சொந்தக்காரன். மற்ற மூன்றும் என் பயணக் குளிசையின் சொந்தக்காரர்கள். நாலும் சேர்ந்து ஒரு கிழவரின் தலைக்குள் குடியிருந்தன.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த மஞ்சள் குளிசையை மாதாமாதம் உறையில் போட்டு, ‘மூன்று வேளை’ என்று எழுதிக் கொடுத்தது என் கைதான். உறையில் இருந்தது என் எழுத்து. இவ்வளவு நாளாக இவருக்கு ஏன் இது என்று நான் ஒரு தடவையாவது கேட்கவில்லை. அன்று பகல் சாப்பிடப் போகாமல் அந்த டின்னோடு டொக்டரிடம் போனேன்.

டொக்டர் பீரிஸ் மோதினாரை எதிரே இருத்தி மூன்று சொற்களைச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மோதினார் வெட்கத்தோடு சிரித்தார். “என்னமோ சொன்னீங்க டொக்டர். சொன்னீங்களா?” ஒன்றும் வரவில்லை. பிறகு டொக்டர் பள்ளியில் இருந்த பழைய இமாம்களின் பெயரைக் கேட்டார். ஏழு பேரையும் ஒழுங்காகச் சொன்னார். தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொன்னார். கண்ணாடி இல்லாமலே அழகாகக் கட்டினார்.

“பாங்கின் வசனங்களும் தலைப்பாகையும் தங்களது நாவிலும் கையிலும் உள்ளன. அது ஒரு வகை ஞாபகம். இமாம்களின் பெயர்கள் இன்னொரு வகை. சற்று முன்னர் என்ன நிகழ்ந்தது என்பது வேறொரு வகை. இம்மருந்துகள் அந்தக் கடைசி வகையையே முதலில் கெடுக்கும்” என்றார் டொக்டர்.

மோதினார் கட்டிய தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார். “அப்ப எனக்கு மூள பழுதாகல்லியா?”

“மருந்துகளைக் குறைத்த பின்னரே கூற இயலும். இப்போது வாக்குறுதி அளிக்க மாட்டேன்.”

முதலில் மஞ்சள் குளிசையை நிறுத்தினார். கடிக்குத் தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னார். டயசிபாமைச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து என்பதால் பல கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, அமிட்ரிப்டிலினை அதன் பிறகு பார்ப்பது என்று தீர்மானித்தார். சிறுநீர்க் குளிசையின் பெயரைச் சொன்னதும் மோதினார் எழும்பிவிட்டார்.

“அதத் தொடாதீங்க! அத நிப்பாட்டினா எனக்கு வுழு நிக்காது. வுழு இல்லாம மைக்குக்கு முன்னால எப்படி நிக்கிற? மறதி வந்தா வரட்டும். அல்லாஹ் அத எனக்குப் பாவமா எழுத மாட்டான். வுழு முறிஞ்சா எனக்குத் தெரியும்தானே?”

தொழுகைக்கு முன் கைகால் கழுவிச் செய்கிற சுத்தம்தான் வுழு, அது சிறுநீர் ஒரு துளி கசிந்தாலும் முறிந்துவிடும் என்பதை டொக்டருக்கு நான் விளக்கினேன். அவர் பேனை மூடியை மாட்டிவிட்டு யோசித்தார். அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி தோன்றியது.

“மகள், வாப்பா ஒரு நாளைக்கு எத்தின பிளேன்டீ குடிப்பாரு?”

ஸமீனா விரல் மடித்துப் பார்த்தாள். “பள்ளியில நாலு, வீட்டில ஆறு... தண்ணிப் போத்தல் வேற, மிஸ். வாய் காயுது காயுது எண்டு எந்த நேரமும் குடிதான்.”

டொக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மருந்தால் வாய் காய்கிறது. வாய் காய்வதால் குடிக்கிறார். குடிப்பதால் சிறுநீர் முட்டுகிறது. அதற்கொரு குளிசை போடுகிறார், அதனால் வாய் இன்னும் காய்கிறது. டொக்டர் தன்னை மறந்து சிங்களத்தில் ஏதோ சொல்லி மேசையைத் தட்டினார்.

“அவ்வாறாயின் அக்குளிசை இப்போது இருக்கட்டும். வாய் ஈரமான பின்னர் தாங்களே அதை வேண்டாம் என்பீர்கள்.”

பள்ளித் தலைவர் ஹாஜியாரைப் பார்க்க நானே அவருடைய கடைக்குப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. “மிஸ், நோன்பில, நோன்பு துறக்கிற மஃரிப் பாங்கு பிசகினா ஊருட நோன்பெல்லாம் என்ட தலையில. நான் என்ன செய்ற?” என்றார். நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம் முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

அதுவரைக்கும் ஒரு உபாயம் வேண்டும். இமாம் நிற்கிற மிஹ்ராப் மாடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோப்பைகள் வைத்து, ஒரு நாளின் ஐந்து பாங்குக்கும் ஒன்றில் ஐந்து பேரீச்சங்கொட்டைகளைப் போட்டோம். பாங்கின் கடைசி வசனம் முடிந்ததும் ஒரு கொட்டையை மற்றக் கோப்பைக்கு மாற்ற வேண்டும், அடுத்த தடவை எழும்புமுன் கோப்பையைப் பார்க்க வேண்டும். “அவரது கை கற்றுக்கொள்ளும். மனம் மறந்தாலும் கை கற்கும்” என்றார் டொக்டர். ஸமீனா வீட்டில் ஒரு கிழமை அவரைப் பழக்கினாள். பேரப்பிள்ளைகள் சுற்றி இருந்து சிரித்தார்கள். பத்தாம் நாள் கை தானாகவே போனது.

ஆனால் டயசிபாம் குறையத் தொடங்கியதும் நித்திரை போனது. மனுசன் எரிந்து விழுந்தார். தேநீரை ஊற்றிவிட்டார், பேரனை அதட்டினார். ஸமீனா என்னிடம் வந்து, “பழைய மாதிரி நித்திரையாவது கொள்ளட்டும் மிஸ், விட்டுடுவோமா?” என்று கேட்டாள். எனக்கும் தைரியம் போயிருந்தது. டொக்டரிடம் சொன்னேன். அவர் குறைக்கிற வேகத்தைப் பாதியாக்கினார். நிறுத்தவில்லை.

ஆறாம் கிழமை, ஒரு வியாழக்கிழமை. ஜன்னலில் நீண்ட வரிசை. எல்லாரையும் விலக்கிக்கொண்டு மோதினார் வந்து கம்பியைப் பிடித்தார்.

“மிஸ், உங்களுக்கு மனச்சாட்சி இருக்கா? போன செவ்வாய்க்கிழம என்ன சொன்னீங்க? டொக்டர்ட சட்டப் பையில மை கொட்டிக் கிடந்திச்சு. நீங்க வாசல்ல நின்டு வாழப்பழம் தின்டுக்கிட்டு, ‘ரெண்டு மூணு நாளையில நித்திர வரும் மோதினார்’ எண்டீங்க. அந்த நவாஸும் சாட்சி. இண்டைக்கு வியாழன். எங்க நித்திர?”

நான் கையிலிருந்த உறையைக் கீழே போட்டுவிட்டேன். மை கொட்டியிருந்தது உண்மை. வாழைப்பழமும் உண்மை. எனக்கே மறந்துபோயிருந்தது.

“மோதினார், அத இன்னொருக்காச் சொல்லுங்க.”

“எத?”

“செவ்வாய்க்கிழமையை.”

அவர் கம்பியை விட்டார். முகத்திலிருந்த கோபம் மெல்லக் கரைந்து, வேறொன்று வந்தது. “மை...” என்றார் மெதுவாக. “அல்ஹம்துலில்லாஹ். மை கொட்டியிருந்திச்சி மிஸ்.” வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மோதினாரும் மருந்துக்கார மிஸ்ஸும் கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமையில் சிறுநீர்க் குளிசையை அவரே திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். பிளேன்டீ மூன்றாகக் குறைந்திருந்தது. எல்லாமே திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றித்தான் கூப்பிட்டார். “அது வயதின் பங்கு. அதற்கு என்னிடம் சிகிச்சை இல்லை” என்றார் டொக்டர்.

முதல் நோன்பு வந்தது. தலைவர் ஹாஜியார் கைக்கடிகாரத்தோடு மோதினாருக்குப் பக்கத்திலேயே போய் நின்றாராம். நான் வீட்டில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மஃரிப் பாங்கு ஒலித்தது. நீட்டுகிற இடத்தில் குரல் உடையவில்லை. தண்ணீர் விழுங்குகிற சத்தம் இல்லை. பழத்தை வாயில் போட்டேன். தொழுதேன். ஆனால் கஞ்சிக் கோப்பையைத் தொடவில்லை. காது பள்ளிப் பக்கமே இருந்தது. வேலிக்கு அப்பால் சித்தி உம்மாவும் நின்றார்.

“வருதா மிஸ்?”

“இல்ல.”

பதினைந்து நிமிடம் போனது. இருபது போனது. அப்போது ஒலிபெருக்கி ‘டக்’ என்று திறக்கிற சத்தம் கேட்டது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். சித்தி உம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மோதினார் தொண்டையைச் செருமினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். அஸருக்குப் பொறகு கஞ்சி எடுக்க வந்த ஆரோ வாளிய மறந்து வெச்சிட்டுப் போயிருக்கீங்க. நீல வாளி, மூடியில வெடிப்பு இருக்கு. கஞ்சி ஆறுறதுக்குள்ள வந்து எடுத்துக்கோங்க.”

“அது எங்கட வாளி! எங்கட மனுசன்ட வேல!” என்று கத்திக்கொண்டு சித்தி உம்மா செருப்பைக்கூடப் போடாமல் பள்ளிப் பக்கம் ஓடினார்.